மீனுக்குக் காய்ச்சிய ஐப்பசிக் கஞ்சி

சௌடையா தம் ஆயுளில் ஒரு மீனை வாயில் வைத்தவர் அல்ல. அருப்புக்கோட்டைச் சந்தையில் கருவாட்டுக் கடைப் பக்கம் போக நேர்ந்தால், துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டி எட்டி நடப்பார். அப்படிப்பட்டவர் புண்ணாக்குப் போட்டு மீன் வளர்த்த மனுஷன் என்று சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கினார் என்றால் அது அவர் ஆசைப்பட்டு நடந்ததல்ல. நூல் கிடைக்காததால் நடந்தது.

யுத்தகாலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு. நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, நெசவுச் செட்டியார்கள் குடியிருந்த தேவாங்கர் தெருவில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. சௌடையாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. ஒல்லியான உடம்பு, பெரிய காது, அதைவிடப் பெரிய பிடிவாதம். அவருடைய மைத்துனன் திம்மையா மதுரையில் மில்லில் வேலை பார்த்தான். "இங்கே ஆள் எடுக்கிறார்கள். தை பிறந்ததும் அக்காவை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்" என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டான். சௌடையா அந்தக் கடிதங்களைப் பிரித்த வேகத்திலேயே மடித்துக் கூரையில் செருகிவிடுவார்.

"சங்கு ஊதுனா எந்திரிக்கணும், சங்கு ஊதுனா திங்கணும், சங்கு ஊதுனா வீட்டுக்குப் போகணும். இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்பார்.

"வேற பொழப்பு இருந்தாச் சொல்லுங்க" என்பாள் மனைவி வெங்கடலட்சுமி. அவளுக்கும் ஊரை விட்டுப் போக மனசில்லை. ஆனால் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

அந்தச் சமயத்தில்தான் சந்தையில் சர்க்கார் ஆள் ஒருவர் பெட்டிமேல் ஏறி நின்று, உணவுப் பஞ்சம் தீர என்னென்ன செய்யலாம் என்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் கிடக்கிற குழி குட்டையில் எல்லாம் மீன் வளர்க்கலாம் என்றும் அதில் ஒன்று வந்தது. கூட்டம் சிரித்தது. இந்தச் சீமையில் குடிக்கத் தண்ணீர் இல்லை, மீனுக்கு எங்கே போவது? சௌடையா மட்டும் சிரிக்கவில்லை. பந்தல்குடி சாலையில் ரெண்டு மைல் போனால், சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுப் போட்டுவிட்ட பழைய பள்ளம் ஒன்று உண்டு. ஊரார் அதைக் கிடங்கு என்பார்கள். கோடையிலும் அதில் ஆளுயரத் தண்ணீர் நிற்கும். மாடுகள் குடிக்கும், வேறு ஒன்றுக்கும் ஆகாது.

கிடங்கு இருந்த ஊருக்கு நாட்டாமை கோட்டைச்சாமி. ஆள் நியாயஸ்தர்தான், ஆனால் ஒரு பேச்சுச் சொல்லிவிட்டால் அவராலேயே அதை மாற்ற முடியாது. சௌடையா போய்க் கேட்டதும் அவர் மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு ஊரார் முன்னாலேயே சொன்னார்:

"மார்கழி வரைக்கும் பாரும் செட்டியாரே. மீன் வளந்துச்சுன்னா கிடங்கு ஒமக்கு. ஆனா மாடு குடிக்கிற தண்ணி. ஒம்ம கையால அது கெட்டுச்சுன்னா அன்னைக்கே கரையேறிரணும். சரிதானா?"

"சரிங்க" என்றார் சௌடையா. அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? மீன் வளர்ந்தால் ஊர், இல்லாவிட்டால் மதுரை.

பங்குனியில் நரிக்குடிப் பக்கம் கண்மாய் வற்றியது. சேற்றுக்குள் துடித்துக் கிடந்த கெண்டைக் குஞ்சுகளைப் பானை பானையாக அள்ளி, மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் வைத்துக் கொண்டுவந்து கிடங்கில் விட்டார். விடும்போது கையால் தொடாமல் பானையைத்தான் சாய்த்தார். அப்படியும் ஒரு குஞ்சு துள்ளி அவர் பாதத்தில் விழுந்ததும் அவர் போட்ட கூச்சலை அந்த ஊரில் ரொம்ப நாள் வரைக்கும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குஞ்சு வந்துவிட்டது. தீனி? கல்லுக்குழியில் பாசிகூடச் சரியாக இல்லை. அங்கேதான் மூக்கம்மாள் வருகிறாள்.

மூக்கம்மாள் அதே ஊரில் செக்கு வைத்திருந்தாள். புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒற்றை மாடு, ஒற்றை ஆள், நாக்கு மட்டும் பத்துப் பேருக்கானது. எள்ளும் கடலையும் ஆட்டுவாள். அவள் எண்ணெய் அருப்புக்கோட்டைத் தெருக்கள் வரைக்கும் போகும். அவளுடைய கடலைப் புண்ணாக்கை மாட்டுக்காரர்கள் சண்டை போட்டு வாங்குவார்கள். மாடு தின்று கொழுக்கிறது, மீன் தின்னாதா என்று சௌடையா யோசித்தார். யோசனை சரிதான். செய்த விதம்தான் தப்பு. புண்ணாக்கை இடித்துத் தூளாகத் தண்ணீரில் வீசினார். பாதி கரைந்தது, பாதி அடியில் போய்ப் படிந்து நாறியது. மீன்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"தறி நெய்யிற மூளைய வச்சுக்கிட்டு மீன் மேய்ச்சா இப்படித்தான்" என்றாள் மூக்கம்மாள். "எம் புண்ணாக்க ஆத்துல கரைக்கிறதுக்கா நான் மாட்ட அடிச்சு ஓட்டுறேன்?"

அவள் திட்டியது அவருக்கு உறைத்தது. தறி நெய்கிற மூளைதானே? அந்த மூளைக்கே விட்டுப் பார்த்தார். நெசவாளி பாவு, அதாவது தறிக்கு ஏற்றும் நெடுக்கு நூலை, நீட்டி அதற்குக் கஞ்சி போடுவான். நல்ல கஞ்சி என்றால் நூலைப் பற்றிக்கொண்டு முதல் சலவையிலும் லேசில் விடாது. அந்தக் கஞ்சி நூலைப் பிடிக்கும் என்றால் புண்ணாக்கைப் பிடிக்காதா? அரிசிக்கு ரேஷன் என்பதால், வறுத்த புளியங்கொட்டையைத் தோல் போக்கி இடித்த மாவில் கஞ்சி காய்ச்சினார். ஊறவைத்த புண்ணாக்கை அதில் போட்டுப் பிசைந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டினார். பனையோலைத் தட்டில் உருண்டைகளை வைத்து, கயிற்றில் கட்டி, முழங்கால் ஆழத்தில் இறக்கினார்.

உருண்டை கரையவில்லை. மீன்கள் வந்து முட்டின, கொத்தின, அடித்துக்கொண்டன. ஒரு நாழிகை கழித்துத் தட்டைத் தூக்கினால் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. சௌடையா அந்த வெறும் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மூக்கம்மாள் செக்கு வரைக்கும் ஓடினார்.

"அக்கா! தின்னுருச்சுக்கா!"

"தின்னா சரி, போம். மாடு மெரளுது" என்றாள் அவள். ஆனால் மறுநாளிலிருந்து அவருக்கு நல்ல புண்ணாக்காகப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்தாள்.

ஆவணிக்குள் கெண்டைகள் உள்ளங்கை அகலம் ஆகிவிட்டன. சௌடையா கரையில் வந்து நின்றாலே தண்ணீர் கலகலக்கும். கிறிஸ்தவத் தெருவிலிருந்து உபதேசியார் செல்வதுரை வந்து பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்கள் சபையில் அசனம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சாப்பாடு. வழக்கமாக ஆட்டுக்கறி. அந்த வருஷம் ஆடுகளெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டன. "மீன் கொழம்பு வச்சிருவோம் செட்டியாரே, வாக்குக் குடுங்க" என்றார். கொடுத்தார். கொடுத்துவிட்டு, மதுரைக்கு ஒரு கார்டு போட்டார்: 'தைக்கு வருவது சந்தேகம்.' அதைத் தபாலில் போட்ட அன்று அவர் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, தெருவில் போகிற நாய்க்கெல்லாம் நலம் விசாரித்தார்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை கிடங்கில் ஏழு மீன் மல்லாந்து மிதந்தன. மறுநாள் இருபது.

கோட்டைச்சாமி வந்துவிட்டார். ஊரும் வந்துவிட்டது. ஒருவன் மாட்டைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன செட்டியாரே, தண்ணி கெட்டுப் போச்சா?" என்று நாட்டாமை கேட்டபோது சௌடையாவுக்கு மதுரைச் சங்கு காதுக்குள்ளேயே ஊதியது. பயந்த மனுஷன் கைக்கு எட்டியது எதுவோ அதைத்தானே பிடிப்பான்?

"தண்ணி இல்லங்க. புண்ணாக்கு. இலுப்பை கலந்திருக்கு."

சொன்னதும் எல்லாரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன? இலுப்பைப் புண்ணாக்கைக் குட்டையில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறவன் செய்கிற வேலையே அது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலமாதலால் விளக்குக்காக மூக்கம்மாள் அந்த மாதம் இலுப்பைக் கொட்டையும் ஆட்டியிருந்தாள். அதே செக்கு. அதே மாடு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூக்கம்மாள் கூடையோடு வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஊரார் நடுவே நின்று, தன் கடலைப் புண்ணாக்கை ஒரு கை அள்ளி வாயில் போட்டு, கடித்து, மென்று, விழுங்கினாள். "செக்கைக் கழுவாம அடுத்தத ஆட்டுறவ இல்ல நான். கலந்திருந்தா இந்த எடத்துலயே விழுகுறேன், பாருங்க!"

பார்த்தார்கள். அவள் விழவில்லை. அப்போது கூட்டத்தில் இருந்த ஒரு அறிவாளி, "இலுப்பை மீனைத்தான் கொல்லும், மனுசன ஒண்ணும் செய்யாது" என்றான். அவள் தின்றது அத்தனையும் வீணாயிற்று. இப்படி ஓர் ஆள் எல்லாக் கூட்டத்திலும் இருந்து தொலைக்கிறான்.

அந்த வாரமே மூக்கம்மாளின் எண்ணெய் தேங்கியது. கடலையில் இலுப்பை கலக்கிறவள் எள்ளில் எதைக் கலப்பாளோ என்று பேச்சு. தெருத் தெருவாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் குறையாத குடத்தோடு திரும்பி வந்தாள். சௌடையா அவள் செக்கு இருக்கும் பாதையை விட்டுச் சுற்றுவழியில் கிடங்குக்குப் போனார்.

புண்ணாக்கை டவுனில் வேறு செக்கில் வாங்கினார். கஞ்சி காய்ச்சி, உருட்டி, இறக்கினார். மறுநாள் காலை நாலு மீன் மிதந்தன.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. நாலையும் ஒரு குச்சியால் தள்ளி எடுத்து, பனை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். மூக்கம்மாள் புண்ணாக்கு இல்லாமலும் மீன் சாகிறது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை மண் போட்டு மூடினார். சௌடையாவை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது.

அன்று சாயங்காலம் அவர் அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். வெங்கடலட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். நான் தமிழில் சொல்கிறேன்.

"எந்தப் பாவுக்குக் கஞ்சி காய்ச்சுறீங்க?"

"பாவு ஏது? மீனுக்கு."

"மீனுக்கு எதுக்குத் துத்தம்?"

சௌடையா தம் கையைப் பார்த்தார். மூன்று விரலும் அலமாரியிலிருந்த பொட்டலத்துக்குள் போய் நீலமாக ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வந்திருந்தன. மயில்துத்தம். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட நூலில் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஐப்பசி பிறந்தால் கஞ்சியில் துத்தம் சேர்ப்பது நெசவாளி வீட்டு வழக்கம். அவர் அப்பா செய்தார். முப்பது வருஷமாக இவரும் செய்கிறார். வெளியே மழைச் சத்தம் கேட்டால் போதும், புத்தியைக் கேட்காமல் கை தானாகப் பொட்டலத்துக்குப் போய்விடும். இந்த ஐப்பசியிலும் தினமும் போயிருக்கிறது. பூச்சி புழுவைக் கொல்கிற விஷத்தைத் தினமும் உருட்டி உருட்டி மீனுக்கு ஊட்டியிருக்கிறார்.

அவர் அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். வெங்கடலட்சுமிக்கு முழுவதும் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாருட்டயும் சொல்லாதீங்க."

"அந்தம்மா..."

"தெரியும். தை வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. கிடங்கு கைக்கு வந்துரட்டும். அப்புறம் அந்தம்மாவுக்கு நம்மளால ஆனதச் செய்வோம். இப்பச் சொன்னா ஒங்க கையாலதான் கெட்டுச்சுன்னு ஆயிரும். மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அவர் பொட்டலத்தைக் கொண்டுபோய் முற்றத்தில் புதைத்தார். அன்றிலிருந்து ஒரு மீன்கூடச் சாகவில்லை. மீன்கள் பெருத்தன. அவர் இளைத்தார்.

அசனத்தன்று விடிந்ததும் வலை போட்டார்கள். வெள்ளியாகத் துள்ளிய கெண்டைகளைக் கூடை கூடையாகக் கரையில் கொட்டினார்கள். சபை ஆட்கள், ஊர் ஆட்கள் என்று திருவிழாக் கூட்டம். சௌடையா துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அதைப் பார்த்து எல்லாருக்கும் சிரிப்பு. மூக்கம்மாளும் வந்து ஓரமாக நின்றாள்.

கோட்டைச்சாமி ஒரு கெண்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "செட்டியாரே, ஜெயிச்சுப்புட்டீரு. கிடங்கு ஒமக்குத்தான். எல்லாரும் கேட்டுக்கிடுங்கப்பா."

வெங்கடலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். சௌடையாவுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. ஊரில் இருக்கலாம். சங்கு இல்லை. மதுரை இல்லை. அப்போது உபதேசியார் செல்வதுரை சமையல்காரரிடம் சொல்வது காதில் விழுந்தது: "எண்ணெய் டவுனுலயே வாங்கியாச்சு. மூக்கம்மா எண்ணெய் வேண்டாம். சபையார் சாப்பிட யோசிக்கிறாக."

மூக்கம்மாளுக்கும் அது கேட்டது. பத்துப் பேருக்கான நாக்கு உள்ளவள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தாள். அவள் திட்டியிருந்தால் சௌடையா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். பேசாமல் போனதுதான் அவரை உடைத்துவிட்டது.

"அக்கா, நில்லுங்க!" என்று கத்தினார். மூக்கிலிருந்து துண்டு கீழே விழுந்தது. "நாட்டாமை, கிடங்க எனக்குக் குடுக்காதீங்க. இவுக புண்ணாக்குல ஒண்ணும் இல்ல. எங் கஞ்சியில துத்தம் போட்டேன், ஐப்பசியோட நிறுத்தியாச்சு. எங் கைதான் கொன்னுச்சு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

பனை மரத்தடியில் புதைத்த நாலு மீன் வரைக்கும் எல்லாம் சொன்னார். கரையில் கிடந்த மீன்கள் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

மூக்கம்மாள் திரும்பி வந்தாள். அதன்பின் அவள் திட்டிய திட்டை நான் எழுத முடியாது. சௌடையாவின் காதில் ஆரம்பித்து, அவர் தறி, அவர் பாவு, அவர் பாட்டனார் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். உபதேசியார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மூச்சு விட்ட இடைவெளியில் கோட்டைச்சாமி தொண்டையைச் செருமினார்.

"செட்டியாரே, ஒம்மேல எனக்குப் பிரியம் இல்லாம இல்ல. ஆனா அன்னைக்கு ஊரு முன்னால சொன்ன பேச்சு. ஒம்ம கையால கெட்டா கரையேறணும்னு சொன்னேன். மாத்த முடியாது."

"ஏறிர்றேன்" என்றார் சௌடையா.

"அது ஒங்க ரெண்டு பேருக்கும் உள்ள பேச்சு" என்றாள் மூக்கம்மாள். "இப்பக் கிடங்கு சும்மாத்தான கெடக்கு? எனக்குக் குடுங்க நாட்டாமை."

"ஒனக்கா? ஒனக்கு மீன் வளக்கத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்ச ஆள் ஒருத்தர வேலைக்கு வச்சுக்கிடுவேன்." சௌடையாவைக் காட்டினாள். "இந்தா நிக்கிறாரே, இவர. கஞ்சி மட்டும் எங்க வீட்டு அடுப்புல, எங் கண்ணு முன்னால காய்ச்சணும்."

கோட்டைச்சாமி மீசைக்குள்ளே சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் பேச்சும் மாறவில்லை, செட்டியாரும் ஊரை விட்டுப் போகவில்லை. கூட்டம் மொத்தமும் சிரித்தது. சௌடையா அழுதார். மீனைத் தொட்ட கை ஏதோ ஒன்று அவர் தோளைத் தட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. உபதேசியார் டவுன் எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூக்கம்மாள் எண்ணெயிலேயே குழம்பு தாளிக்கச் சொன்னார்.

"இருங்க, இன்னும் முடியல" என்றாள் மூக்கம்மாள். "எம் பேரு எந்தெந்தத் தெருவுல போச்சோ அந்தந்தத் தெருவுல திரும்பி வரணும். நாளையிலருந்து எண்ணெய்க் குடத்தத் தூக்கிக்கிட்டு எங்கூட வரணும் செட்டியாரே."

எட்டு நாள் வந்தார். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் குடம், காதோரம் எண்ணெய் வழிய, தெருத் தெருவாக. மூக்கம்மாள் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஒவ்வொரு தெருமுனையிலும் அவர் நின்று சொல்ல வேண்டும்: "நல்லெண்ணெய்! மூக்கம்மா செக்கு எண்ணெய்! இவுக புண்ணாக்குல குத்தமில்ல, குத்தம் எங் கஞ்சியில!" முதல் நாள் குரல் எழும்பவில்லை. மூன்றாம் நாள் ராகம் வந்துவிட்டது. நெசவில் பேர் போன மனுஷன் எண்ணெய் விற்கிறதைப் பார்க்கவே ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு வாங்கினார்கள். ஏழு நாளும் குடம் காலியாகத்தான் திரும்பியது.

எட்டாம் நாள் மிச்சமிருந்தது அவருடைய சொந்தத் தெரு. தறிச் சத்தம் இல்லாததால் அவர் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பங்காளிகள் வாசலில் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, வாங்கவும் இல்லை. எப்படி நடந்துகொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சௌடையா தலையைக் குனிந்துகொண்டு தம் வீட்டு வாசலைத் தாண்டப் பார்த்தார்.

"எண்ணெய்க்காரரே, இங்க வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெங்கடலட்சுமி கையில் தூக்குச் சட்டியோடு படியிறங்கி வந்தாள். வீட்டுப் பாஷையில் பேசாமல், மூக்கம்மாளுக்கும் தெருவுக்கும் கேட்கத் தமிழிலேயே கேட்டாள்.

"கஞ்சியில குத்தம்னீங்களே, அது எந்த வீட்டுல காய்ச்சுன கஞ்சி?"

அவர் குடத்தோடு நின்றார். "இந்த வீட்டுலதான் தாயே."

"குத்தம் தெரிஞ்ச அன்னைக்கே ஏன் சொல்லல?"

சௌடையா சும்மாட்டின்மேல் குடத்தைச் சரிசெய்தார். எட்டு நாளில் எத்தனை பேர் கேட்டும் அந்த ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை; நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றாள் வெங்கடலட்சுமி. தூக்குச் சட்டியை நீட்டினாள். "பாதிக் குத்தம் எனக்கு. அரைப்படி ஊத்துங்க. இனிமே இந்த வீட்டுக்கு மாசா மாசம் இவுக எண்ணெய்தான்."

ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் உள்ளே போய் ஏனத்தோடு வந்தார்கள். சௌடையா குடத்தை இறக்கக் குனிந்தார். மூக்கம்மாள் அன்றுதான் முதல் தடவையாக முன்னால் வந்து, குடத்தின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.